லாயத்திலிருந்து வந்த சேதி

நெய்யூரில் ‘ரேஸ்’ என்று சொன்னால் இளவட்டங்களுக்கு பைக்தான் ஞாபகம் வரும். கிண்டிக் குதிரை மைதானம் அங்கிருந்து சுமார் 700 கிலோமீட்டர். ஆனால், “வேய், இது உள்ள இருக்கப்பட்ட ஆளு சொன்னதாக்கும்” என்ற வாசகத்துக்கு தூரம் கிடையாது. 2003-ல் தமிழக அரசு லாட்டரியைத் தடை செய்த பிறகு, களியக்காவிளை தாண்டிக் கேரளச் சீட்டு வாங்கப் போகிறவர்களும் இதைக் கேட்டிருப்பார்கள். லாட்டரியில் உள்ளே இருக்கிற ஆள் யார், சுற்றுகிற சக்கரமா என்று யாரும் கேட்பதில்லை.

குதிரையில் அந்த ‘உள்ளே’க்கு முகம் உண்டு. லாயத்தில் புல் போடுகிற பையன், ஜாக்கி, டிரெய்னர், அவர் வீட்டு டிரைவர். இவர்களில் ஒருவருக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவர்தான் நமக்கு டிப்ஸ் தருகிறார்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டோட் முறையில் எல்லாருடைய பணமும் ஒரே குவியல். கிளப்பின் பங்கும் வரியும் முதலில் கழியும். மிச்சம்தான் ஜெயித்தவர்களுக்கு. ஒரு குதிரை மீது ஆள் கூடக் கூட ஆளுக்குக் கிடைப்பது குறையும். நிஜமாகவே சேதி தெரிந்தவன் வாயைத் திறப்பானா? சொந்தப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டான். சொல்கிறவனுக்கு வேறு பிழைப்பு இருக்கிறது. எட்டுக் குதிரை ஓடும் பந்தயத்தில், எட்டுப் பேரிடம் எட்டுப் பெயரைச் சொல்லி அனுப்பினால் போதும். ஏழு பேர் தலையில் துண்டு. எட்டாவது ஆள் தேடி வந்து கும்பிட்டுக் காசும் கொடுப்பான்.

நான் இரக்கப்படுவது அந்த ஏழு பேருக்காக அல்ல. அவர்கள் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். எட்டாவது ஆள்தான் அடுத்த வாரம் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துவிட்டு வருவான். வள்ளுவர் சூது அதிகாரத்தைத் தோற்றவனை வைத்துத் தொடங்கவில்லை. ஜெயித்தவனை வைத்துத்தான் தொடங்குகிறார். ஜெயித்த காசு, மீன் விழுங்கின தூண்டில் மாதிரி என்கிறார். பக்கத்துக் குளச்சல்காரர்களுக்கு இதற்கு உரை வேண்டாம்.

1974-ல் கலைஞர் அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. வழக்கு இழுத்து இழுத்து, 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இது சூதாட்டம் இல்லை, திறமை சார்ந்தது என்று சொல்லிவிட்டது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் சாமர்த்தியம் எல்லாவற்றையும் ஆராய்ந்து பணம் கட்டுகிறான் என்பது வாதம். அப்படி ஆராய்கிறவர்கள் இருக்கலாம். ஆனால் டிப்ஸ் கேட்டு ஓடுகிறவன் எதை ஆராய்ந்தான்? குதிரைக்குத் திறமை உண்டு, ஜாக்கிக்கு உண்டு. காதைக் கொடுத்தவனுக்கு என்ன உண்டு? தீர்ப்பில் இந்த மனுஷனுக்கு இடமே இல்லை என்பதுதான் என் குறை.

அரசாங்கமாவது தெளிவாக இருக்கிறதா? கோர்ட் கணக்கில் குதிரை திறமை. ஜி.எஸ்.டி. கணக்கில் கேசினோவுக்குப் பக்கத்து நாற்காலி. 2025 செப்டம்பர் முதல் இரண்டுக்கும் 40 சதவிகிதம். கிண்டியில் 160 ஏக்கரை, வருஷத்துக்கு 614 ரூபாய் சொச்சம் வாடகைக்கு, 1945-ல் 99 வருஷக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். 2024 செப்டம்பரில்தான் குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தார்கள். கிண்டியில் எந்தக் குதிரையும் ஓடாமலே ஜெயித்த பந்தயம் அந்தக் குத்தகைதான்.