முதுகில் விழுந்த எழுத்து

தொடர்கொலைப் படங்களுக்கெல்லாம் தாய் என்று தோழர்கள் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த படம், ஃபிரிட்ஸ் லாங் 1931இல் ஜெர்மனியில் எடுத்த 'எம்'. இப்பத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். கொலைகாரனைவிட அவனைத் தேடுகிறவர்கள்தான் என்னைப் பயமுறுத்தினார்கள்.

ஊரார் துணியை வெளுக்கிற ஒரு தாய், சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்துவிட்டு, பள்ளிக்கூடம் போன மகள் எல்ஸிக்காகக் காத்திருக்கிறாள். மாடிப்படி காலி. தட்டு காலி. பந்து உருண்டு வந்து நிற்கிறது. பலூன் கம்பியில் மாட்டிக்கொள்கிறது. கொலையைக் காட்டுவது இவ்வளவுதான், ஒரு சொட்டு ரத்தம் இல்லை. பிள்ளையின் பிணத்தைக் காட்டிக் காசு பார்க்காத படம்.

அப்புறம் ஊர் முழுக்கச் சந்தேகம். மணி கேட்ட சிறுமியோடு பேசிய கிழவரைக் கூட்டம் சூழ்ந்துகொள்கிறது. போலீஸ் ராத்திரியில் மதுக்கடைக்குள் புகுந்து ஆளாளுக்குக் காகிதம் கேட்கிறது. தொழில் கெடுதேன்னு திருடர்களே கொலைகாரனைத் தேடக் கிளம்புகிறார்கள். பிச்சைக்காரர்களைத் தெருத்தெருவாக நிறுத்துகிறார்கள். யார் கண்ணுக்கும் படாதவன் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது லாங்குக்குத் தெரிந்திருக்கிறது. கடைசியில் ஆளைக் கண்டுபிடிப்பவர் கண் தெரியாத பலூன் வியாபாரி. அவனுடைய சீழ்க்கையை வைத்து. உடனே ஒருத்தன் உள்ளங்கையில் சாக்பீஸால் 'எம்' என்று எழுதி, கொலைகாரன் தோளில் அடித்துப் பதித்துவிடுகிறான். ஜெர்மன் மொழியில் கொலைகாரன் என்ற சொல்லின் முதலெழுத்து அது.

பாழடைந்த சாராய ஆலையில் திருடர்கள் நடத்தும் விசாரணையை விமர்சகர்கள் கொண்டாடுவார்கள். தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தவன் மேலேயே கொலைக்குற்றம் இருக்கிறது. போலீஸில் ஒப்படையுங்கள் என்று பிடிபட்டவன் கேட்டதும் கூட்டம் சிரிக்கிறது. தன்னை அடக்க முடியாமல்தான் செய்கிறேன் என்று அவன் கதறுகிறான்.

அந்தக் கதறலுக்கு வெளியே ஒரு கதை இருக்கிறது. கொலைகாரனாக நடித்த பீட்டர் லோரே யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஹிட்லர் வந்த 1933இல் ஜெர்மனியை விட்டுப் போனார். 1940இல் நாஜிகள் எடுத்த 'நித்திய யூதன்' என்ற பிரச்சாரப் படத்தில் இந்தக் காட்சியை வெட்டி ஒட்டினார்கள். நடிப்பை ஒரு இனத்தின் வாக்குமூலமாக்கினார்கள். 1941இல் ஜெர்மனியின் யூதர்கள் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. சாக்பீஸ் எழுத்தையாவது தட்டித் துடைத்துவிடலாம்.

இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1871இல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப்பரம்பரைச் சட்டம் குற்றம் செஞ்சவனைத் தேடவில்லை. பிறந்தவனையெல்லாம் பதிவேட்டில் ஏற்றியது. 1952இல் அந்தச் சட்டம் போனது. சேரிக்குள் நுழைகிற போலீஸ்காரன் மண்டையிலிருந்து போகவில்லை. ஆதிக்கசாதிக்காரன் வெட்டினால் அது ஒருத்தனுடைய ஆத்திரம். நம்மாள் மேல புகார்னா தெருவே குற்றவாளி.

இதற்காகக் கொலைகாரனுக்கு வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. செத்தது ஏழை வீட்டுக் குழந்தை. படத்தின் முடிவில் கறுப்புடுத்திய தாய்மார்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தீர்ப்பால் பிள்ளைகள் திரும்பி வரமாட்டார்கள், பிள்ளைகளை இன்னும் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறாள் எல்ஸியின் தாய். அடுத்தவன் அழுக்கை நாள் முழுக்க வெளுக்கிறவள் எந்த நேரத்தில் பார்த்துக்கொள்வது? படத்தில் யாரும் இதைக் கேட்கவில்லை. நாம் கேட்க வேண்டும்.