பாணர் ஆய்வும் பக்கத்துப் பாட்டும்

பேராதனைத் தமிழ்த் துறையில் உதவி விரிவுரையாளராயிருந்த க. கைலாசபதி, 1966இல் இங்கிலாந்தின் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவ்வாய்வேடு 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக ஆங்கிலத்தில் நூலுருப் பெற்றது. சங்கச் செய்யுள்களை வாய்மொழி வீரப்பாடல் மரபில் வைத்துக் கிரேக்க, ஐரிஷ் பாடல்களோடு ஒப்பிட்ட அந்நூலின் சிறப்பைப் பலர் பேசியுள்ளனர். அதைப் பிறப்பித்த ஏற்பாட்டைப் பேசியோர் சிலரே.

ஏற்பாடு எளியது. சிறப்புத் தேர்ச்சி பெற்ற மாணவன் உதவி விரிவுரையாளனாவான். வகுப்பெடுப்பான், விடைத்தாள் திருத்துவான். பின் கப்பலேறிப் பட்டத்தோடு மீள்வான். கணபதிப்பிள்ளையும் வித்தியானந்தனும் இலண்டன் சென்றனர். வேலுப்பிள்ளை ஒக்ஸ்போர்ட் சென்றார். சிவத்தம்பி 1970இல் பேர்மிங்காமிற் பட்டம் பெற்றார். இதனால் நாம் அடைந்த நன்மை பெரிது. ‘தினகரன்’ ஆசிரியபீடத்திலிருந்து வந்த கைலாசபதிக்கு, புறநானூற்றைப் புலவர் பெருமையாக மட்டும் காணாமற் சமுதாயத்தின் விளைபொருளாகக் காணும் கண்ணைக் கூர்மையாக்கியவர் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சன். மார்க்சியரான அவர் கிரேக்க நாடகத்தையே இனக்குழு வாழ்விலிருந்து விளக்கியவர்.

ஆனால் தொம்சனின் வாழ்வில் வேறொரு பாடமும் உண்டு. அவர் அயர்லாந்தின் பிளாஸ்கற் தீவு மீனவரோடு பழகி அவர்கள் மொழியைக் கற்றார். 1931 முதல் 1934 வரை கால்வேயிற் கிரேக்கத்தை ஐரிஷ் மொழியிலேயே போதித்தார். உயர்ந்த கல்வி எளிய மக்களின் மொழியில் இயலும் என்பதை வகுப்பறையிற் செய்து காட்ட முனைந்தவர் அவர். அத்தகையவரின் மாணவர் தமிழ்ப் பாணரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தது. குற்றம் மாணவருடையதன்று, பட்டம் வழங்கும் இடத்தின் நியதி அது. கைலாசபதி தமிழில் எழுதாதவருமல்லர்: ‘பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்’ 1966இலும் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ 1968இலும் வந்தன. எனினும் அவருடைய தலையாய ஆய்வு, 1982இல் அவர் மறைந்த பின்னரே தமிழாகி நம் கைக்கு வந்தது.

மொழியோடு முறையும் சேர்ந்து நிற்கிறது. வாய்மொழிக் கொள்கைக்கு வழிகாட்டிய மில்மன் பரி, ஹோமரின் ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1930களில் யூகோசிலாவியாவிற்குச் சென்று உயிரோடிருந்த பாடகரின் பாட்டைப் பதிவு செய்தார். சங்கப் பாடல்களை வாய்மொழிப் பாடல்களென்றே கொள்ளலாமா என்று ஜோர்ஜ் ஹார்ட் 1975இல் ஐயுற்றார்: பாணரின் மரபை மாதிரியாகக் கொண்டு புலவர் இயற்றியவை அவை என்பது அவர் கருத்து. இவ்வழக்கில் எனக்கு ஹார்ட்டின் பக்கமே வலுவாய்த் தோன்றுகிறது. அகப்பாட்டின் செறிவு, பாடும்போதே புனையும் வாயிலிருந்து வருவது அரிது. ஏட்டை மட்டும் வைத்து இதைத் தீர்ப்பதைவிட, வாழும் தமிழ்ப் பாடகர் எவ்வாறு புனைகின்றனர் என்று கேட்டிருந்தால் வாதம் உறுதி பெற்றிருக்கும்.

கேட்பதற்கு இடம் தொலைவில் இல்லை. பலாபத்வலயிலிருந்து பேராதனைக்கு ஒரு காலைப் பொழுதிற் போய்விடலாம். மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு நடந்த கோப்பித் தோட்டத் தொழிலாளரின் பாதை இப்பக்கமாகவே வந்தது. வழியில் மாண்டோர் போக எஞ்சியோர் தாலாட்டையும் ஒப்பாரியையும் கொண்டுவந்தனர். 1948இற் பிரசாவுரிமை பறிக்கப்பட்ட அம்மக்களின் பாடல்களைத் தொகுத்தவர், 1947இல் நாடாளுமன்றம் சென்ற தொழிற்சங்கவாதி சி. வி. வேலுப்பிள்ளை, பல்கலைக்கழகத்தார் அல்லர். வித்தியானந்தன் கூத்தைத் தேடி மட்டக்களப்பிற்கும் மன்னாருக்கும் சென்றதை மறக்கலாகாது. மாத்தளைத் தோட்டத்து லயங்கள் அவற்றினும் அண்மையில் இருந்தன.

இன்று கப்பலேறத் தேவையில்லை. முதுமாணி, கலாநிதிப் பட்டங்களை இங்கேயே பெறலாம். தமிழிலும் ஆய்வேடு எழுதலாம். ஆயினும் பட்டதாரிக்குக் கிடைப்பது பெரும்பாலும் தற்காலிக உதவி விரிவுரையாளர் பதவி. வகுப்பும் விடைத்தாளும் அவனுடையவை. ஆய்வுக்கான நேரம் எவருடையது என்று எழுதிய ஒப்பந்தத்தை நான் கண்டதில்லை. ஆகவே நூலகத்திலேயே முடிந்துவிடும் தலைப்பை அவன் தேர்கிறான். அவனைக் குறைகூற எனக்கு மனமில்லை. துறைகள் தம் ஆய்வுத் திட்டத்தை வகுக்கும்போது, ஒரு பருவத்தின் விடைத்தாள்களை அவன் தலையிலிருந்து இறக்கி, பதிவுக் கருவியொன்றைக் கையிற் கொடுத்து, சம்பளத்தோடு தோட்டத்திற்கு அனுப்பலாம். நடவுப் பாட்டையும் ஒப்பாரியையும் முழுதாய் நினைவில் வைத்திருப்போர் முதிய பெண்கள்.