சுள்ளி பொறுக்கியவள்

'பாகுபலி 2' படத்தைத் தியேட்டரில் மட்டும் நாலு தடவை பார்த்தேன். நாலு தடவையும் அனுஷ்கா நடித்த தேவசேனாவுக்காகத்தான். நாயகன் பிரபாஸ் எல்லாம் எனக்கு உபரி. 1,000 கோடி ரூபாய் வசூலைத் தாண்டிய முதல் இந்தியப் படம் என்று பேப்பரில் போட்டபோது, அதில் எங்கள் வீட்டுப் பங்கும் கணிசம் என்று அம்மா முணுமுணுத்தாள்.

2017 ஏப்ரல் 28 காலைக் காட்சிக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு நானும் பெரியம்மா மகள் அக்காவும் ஏழு மணிக்கே போய் நின்றோம். ஏதோ பணப் பட்டுவாடா சிக்கலாம், தமிழ்நாடு முழுக்கக் காலைக் காட்சி ரத்து. கேட் பூட்டியே கிடந்தது. பக்கத்துக் கடையில் இரண்டு டீ, ஒரு உளுந்தவடை, இன்னும் இரண்டு டீ. கடைசியில் ஒரு வழியாக உள்ளே விட்டார்கள். அந்த எரிச்சல் அத்தனையும் ஒரு பல்லக்குத் திரையைக் கிழித்துக்கொண்டு வாள் வந்த நொடியில் போய்விட்டது. வாளுக்குப் பின்னால் அனுஷ்கா! கொள்ளையரை வெட்டிச் சாய்க்கிற அந்த வேகத்தைப் பார்த்து, எனக்கு முன் வரிசையில் இருந்த ஒரு பாட்டி இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுவிட்டார். நான் விசிலடித்தேன். எனக்கு விசிலடிக்கத் தெரியும் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

முதல் பாகத்தில் தமன்னாவின் அவந்திகாவிடம் ஏமாந்தவள் நான், அதனால்தான் இந்தக் கூத்து. தேவசேனாவை மீட்பதற்காகவே வளர்ந்த போராளி. கையில் வாள், கண்ணில் கனல். ஒரு டூயட் முடிவதற்குள் அந்த வேலை தேவசேனாவின் மகன் சிவுடு கைக்குப் போய்விடும். இரண்டாம் பாகத்தில் தமன்னாவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

தேவசேனாவை அப்படி ஓரங்கட்ட முடியவில்லை. ராஜமாதா சிவகாமி, தன் மகன் பல்லாளனுக்குப் பெண் கேட்டுக் குந்தள தேசத்துக்குப் பொன்னும் மணியுமாக அனுப்புகிறாள். அதைத் துச்சமென்று திருப்பி அனுப்புகிறவள், பிறகு மகிழ்மதி அரசவையில் அத்தனை பேர் நடுவில் நின்று, ஒரு பெண்ணின் மனம் என்னவென்று கேட்காமல் நீங்கள் எப்படிச் சம்பந்தம் பேசலாம் என்கிற தோரணையில் ராஜமாதாவையே மடக்குகிறாள். எதிரே நிற்பது யார்? ரம்யா கிருஷ்ணன்! நம் நீலாம்பரி! 'படையப்பா' வந்தது 1999, இது 2017. பதினெட்டு வருடம். நீலாம்பரி அறைக்குள் அடைந்து கிடந்த அதே பதினெட்டு. கதவைத் திறந்துகொண்டு நேரே சிம்மாசனத்துக்கு வந்துவிட்டாள் என்று அக்காவின் காதில் சொன்னேன். "படத்தப் பாருட்டி" என்று தொடையில் கிள்ளினாள்.

வெளியே வந்ததும் ஆரம்பித்தது சண்டை. அக்கா கணக்கு டீச்சர், எதையும் எண்ணித்தான் பார்ப்பாள்.

"அவ ரெண்டு அம்பு விடுதா. பாகுபலி வந்து மூணு விடச் சொல்லித் தாரான். கோயில்ல பொம்பளைங்க மேல கை வச்சவன் விரல அவ வெட்டுதா. அவன் வந்து, விரல் இல்ல தேவசேனா, தலைன்னு வெட்டுதான். அவளுக்கு எவ்வளவோ, அதோட ஒண்ணு கூட்டி அவனுக்கு. இதுக்குப் போயி விசில் வேற."

பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த தடவை அதைச் சோதிக்கவே போனேன். சரிதான், எண்ணிப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. அந்த நீண்ட தாழ்வாரச் சண்டையில் விரலுக்கு நடுவே அம்பை எப்படிப் பூட்ட வேண்டும் என்று அவன் சொல்ல, அவள் கேட்டுக்கொண்டு எய்கிறாள். அழகான காட்சி, கண்ணை எடுக்க முடியாது. ஆனால் பாடம் நடத்துகிறவன் அவன்தான். படகில் ஏற அவன் தோள்தான் படிக்கட்டு. அதையும் என் பக்கத்துப் புள்ளியாகச் சேர்க்கப் பார்த்தேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"சரி, சிம்மாசனம்? அவள் வாய் திறந்து பேசியதால்தானே அவன் ராஜ்ஜியமே போனது?"

"அதுலயும் தியாகி யாரு? அவன்தானே?"

மூன்றாவது தடவை பெரியம்மாவையும் இழுத்துக்கொண்டு போனோம், நடுவராக. பெரியம்மா முதல் பாகம் பார்த்தவள் இல்லை. அதனால் முந்தின இரவே உட்காரவைத்து டிவியில் போட்டுக் காட்டினேன். அதில்தான் எனக்குப் பிடிபட்டது. முற்றத்தில், வெயிலில், காலில் சங்கிலியோடு வயதான தேவசேனா. பல்லாளன் கட்டிப் போட்டு 25 வருடம். உடைந்த நகம், பாளம் பாளமாக வெடித்த உதடு. குனிந்து குனிந்து சுள்ளி பொறுக்குகிறாள். எதற்கு? அவனை எரிக்க. சிதை அடுக்குகிறாள்.

ரிமோட்டை அமுக்கிப் படத்தை நிறுத்தி, அக்காவைச் சமையலறையிலிருந்து இழுத்து வந்தேன். மாவு கரைத்த கையோடு வந்தாள்.

"மகன் வந்து மீட்பான்னு உக்காந்திருந்தாங்கிறியே, பாரு. உக்காந்தா இருக்கா? அவன் இருக்கானா செத்தானான்னே தெரியாது. தினமும் வேலைக்குப் போற மாதிரி போறா. இதை யாரு சொல்லிக் குடுத்தா? இதுல ஒண்ணு கூட்டிப் போட எவன் வந்தான்?"

அக்கா ரொம்ப நேரம் திரையையே பார்த்தாள். "சுள்ளி ஒண்ணு ஒண்ணாத்தான் எடுக்கா" என்றாள். அவ்வளவுதான். கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளிடமிருந்து இது பெரிய சலுகை.

மறுநாள் தியேட்டரில் பெரியம்மா இடைவேளை வரைக்கும் முறுக்கு தின்றுகொண்டு, மருமகள் மாமியாரிடம் இவ்வளவு பேசலாமா என்று இரண்டு முறை கேட்டாள். விரலை வெட்டிய இடத்தில் மட்டும் "நல்லா வெட்டு" என்றாள், நாலு வரிசைக்குக் கேட்கிற மாதிரி. பெரியம்மா பஸ்ஸில் போய் வருகிறவள். வேறு விளக்கம் தேவையில்லை.

கடைசிச் சண்டை. கோட்டை இடிகிறது, மகன் ஒரு பக்கம் மோதுகிறான், தேவசேனா தலையில் தீச்சட்டியோடு நடக்கிறாள். சுற்றிலும் என்ன விழுந்தாலும் நடை நிற்கவில்லை. பெரியம்மா முறுக்குப் பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஒன்பது வருடம் அக்கினிச் சட்டி எடுத்தவள் அவள். பெரியப்பா நோயில் படுத்திருந்தபோது வேண்டிக்கொண்டது.

"நிக்கக் கூடாது" என்றாள் திரையைப் பார்த்து. "நின்னா சூடு தெரியும்."

சிதை எரிந்தது. தியேட்டரே எழுந்து கத்தியது. அக்கா குனிந்து, "யாரு ஜெயிச்சா, நீயா நானா? சொல்லும்மா" என்று கேட்டாள். பெரியம்மா கேள்வியைக் காதில் வாங்கவே இல்லை.

"நாங்க கையிலதான் எடுப்போம். அவ தலையில்லா எடுத்திருக்கா" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் காலால் தேட ஆரம்பித்தாள்.

நாலாவது தடவை நாங்கள் கூப்பிடவில்லை. டிக்கெட் எடுத்ததே பெரியம்மாதான்.