தனிமையும் உளப்பாட்டுத் தன்மையும்: மூன்று அகப்பாடல்கள்

1. பொருள்

தன்னுணர்ச்சிப் பாடல்களில் தனிமை நிலைத்ததொரு பாடுபொருளாகும். மேலைநாட்டுப் புனைவியல் கவிஞர்தம் பாடல்களில் அது பெரும்பாலும் மக்களை நீங்கி இயற்கையை நாடும் நிலையாக அமைகின்றது. அவ்வளவுகோலைக் கொண்டு சங்க அகப்பாடல்களை நோக்கி, தலைவன் தலைவியரின் ஆற்றாமையையும் அவ்வகைத் தனிமையாகவே கொள்ளும் போக்கு நம் திறனாய்வில் உண்டு. அது மறு ஆய்வுக்குரியது. அகப்பாடலில் தனித்திருப்போர் தமக்கென ஒரு துணையைத் தேர்ந்துகொண்டே பேசுகின்றனர். யாரைத் தம்மோடு சேர்க்கின்றனர், யாரை விலக்குகின்றனர் என்பதைப் பாடலின் இலக்கணமே உணர்த்துகின்றது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

2. இலக்கண அடிப்படை

தமிழின் தன்மைப் பன்மை இருவகைப்படும். கேட்போரை விலக்குவது 'யாம்', உள்ளடக்குவது 'நாம்'. வினைமுற்றிலும் இப்பாகுபாடு உண்டு. அம், ஆம் ஈறுகள் முன்னிலையாரையும், எம், ஏம், ஓம் ஈறுகள் படர்க்கையாரையும், தும் முதலிய ஈறுகள் இருசாராரையும் உளப்படுத்தும் என்பது நன்னூலார் கொள்கை.

இன்றைய பேச்சுத்தமிழில் 'நாம', 'நாங்க' எனவும், தெலுங்கில் 'மனமு', 'மேமு' எனவும் இவ்வேறுபாடு தொடர்கின்றது. இன்றைய கன்னடத்திலோ 'நாவு' என்னும் ஒரு வடிவமே இரண்டிற்கும் பொதுவாக நிற்கின்றது. இம்மும்மொழிகளும் அன்றாடம் ஒன்றோடொன்று புழங்கும் இடம் கோலார் தங்கவயல். வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சுரங்கப்பணிக்கு வந்த தமிழரின் வழித்தோன்றல்கள், 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னரும் அங்கு வாழ்கின்றனர். தமிழிலிருந்து கன்னடத்திற்கு மாறும் ஒருவர், கேட்பவர் தம்மோடு சேர்க்கப்பட்டாரா என்பதைச் சூழலாலேயே உணர்த்த வேண்டும். பேச்சில் இது எளிது. பாடலை மொழிபெயர்க்கும்போது இழப்பு பெரிதாகலாம்.

3. பாடற் சான்றுகள்

குறுந்தொகை 25, வரைவு நீட்டித்தவிடத்துத் தலைவி தோழிக்குக் கூறியதாகக் கபிலர் பாடியது. களவில் கூடிய பொழுது அங்குப் பிறர் எவரும் இலர். ஆரல் மீனை நோக்கி நின்ற குருகு மட்டுமே இருந்தது. இப்பாடலில் தன்மைப் பன்மை ஓரிடத்தும் இல்லை. அவன் 'தான்' எனவும், அவள் 'யான்' எனவும் பிரிந்தே நிற்கின்றனர். கூடிய நாளை நினைக்கும்பொழுதும் இருவரையும் அடக்கும் ஒரு சொல் அவளுக்கு வாய்க்கவில்லை. அவளது தனிமை ஆளின்மையன்று, சான்றின்மையே. அவன் பொய்த்தால் அவள் பக்கம் பேச யாருமில்லை. அதனைத் தோழியிடம் கூறுவதன் வாயிலாக, கண்டறியாத தோழியைக் கேட்டறிந்த சான்றாக ஆக்கிக்கொள்கிறாள். துணைதேர்தல் ஈண்டுத் தற்காப்பும் ஆகின்றது.

குறுந்தொகை 40, பிரிவஞ்சிய தலைவியின் குறிப்பறிந்து தலைவன் கூறியது. செம்புலப்பெயனீரார் முதலில் உறவுப் பெயர்களைப் பிரித்து நிறுத்துகின்றார். யாய் என் தாய். ஞாய் நின் தாய். எந்தையும் நுந்தையும் அவ்வாறே. இப்பெயர்களில் உடைமை சொல்லுக்குள்ளேயே அடங்கியிருத்தலின், இரு குடும்பங்களின் வேற்றுமை தனிச்சொல் வேண்டாமலே புலப்படுகின்றது. அடுத்து யானும் நீயும் எனத் தனித்தனியே கூறப்பட்டோர், தும் ஈற்றுத் தன்மைப் பன்மை வினையால் ஒன்றாகின்றனர். நெஞ்சங்கள் கலந்தமையை உவமை விளக்குமுன்னரே, வினைமுற்று தலைவியைத் தலைவனோடு சேர்த்துவிடுகின்றது. அவளது அச்சத்திற்கு விடை அவ்வீற்றிலிருந்தே தொடங்குகின்றது எனலாம்.

நற்றிணை 284, பொருள்வயிற் பிரிந்து வினைமுடியாத தலைவன் கூற்று. தன்பால் யாருமில்லாத நிலையில் அவனுடைய நெஞ்சும் அறிவும் பேசுகின்றன. திரும்பிச் செல்லத் தூண்டும் நெஞ்சு, அம், ஆம் ஈற்று வினைகளால் அவனைத் தன்னோடு உளப்படுத்திப் பேசுகின்றது. வினைமுடிக்க வற்புறுத்தும் அறிவோ, விரையற்க என ஒருமையில் ஏவுகின்றது. நெஞ்சு துணையாகவும் அறிவு ஏவுவோனாகவும் நிற்க, இரண்டிற்கும் இடையே அழிவது உடம்பு. இரு களிறுகள் மாறுபட இழுக்கும் தேய்ந்த கயிறாக அதனைக் கூறிய உவமையே புலவருக்குத் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்னும் பெயரைத் தந்தது. தனித்தவன் தன்னுள்ளேயே துணையைத் தேர்கின்றான். ஆயினும் அத்துணையின் வழி நடக்க அவனால் இயலவில்லை.

4. முடிவு

'யாம்' ஒருவரையே குறிக்கும் இடங்களும் சங்கப்பாடல்களில் உள. ஆதலின் வடிவத்தை மட்டும் கொண்டு முடிவு கூறுதல் பொருந்தாது. யார் யாரிடம் கூறியது என்னும் கூற்றுக் குறிப்பையும் உடன் நோக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்கின், மேற்கண்ட மூன்று பாடல்களிலும் தனிமை மூவகையாகப் புலப்படுகின்றது. ஒன்றில் 'நாம்' வாய்க்கவில்லை. மற்றொன்றில் அது உறுதியாக வழங்கப்படுகின்றது. பிறிதொன்றில் அது நெஞ்சினால் மட்டுமே கூறப்படுகின்றது. இவ்வேறுபாடு இல்லாத கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இப்பாடல்களைப் பெயர்ப்போர், விளிச்சொல்லாலோ தொடரமைப்பாலோ அதனை ஈடுசெய்தல் வேண்டும். இன்றேல் துணைதேரும் குரல் மறைந்து, தனித்த ஒருவரின் புலம்பல் மட்டுமே அம்மொழியினரைச் சென்றடையும்.