அனுமதிச் சீட்டின் அரசியல்: மாம்பலத்திலிருந்து சில குறிப்புகள்

1

'பாதுகாப்பு' என்ற சொல்லுக்கு முன்னால் நாம் எல்லோரும் வாயடைத்துப்போகிறோம். தேசப் பாதுகாப்பு என்றால் சந்தேகப்படத் தெரிந்தவர்கள்கூடத் தீயணைப்பு, கட்டட உறுதி, சுகாதாரம் என்று வந்துவிட்டால் அரசின் பக்கம் போய் நின்றுகொள்கிறோம். இடதுசாரி நண்பர்களைக் கேட்டால், 'கட்டுப்பாடு வேண்டாம்னு சொல்றது முதலாளி குரல்' என்பார்கள். தாராளவாதிகளைக் கேட்டால், லைசென்ஸ் என்பதே லஞ்சத்துக்கான ஏற்பாடு என்பார்கள். இரண்டு தரப்புமே ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. கட்டட அனுமதியும் தொழில் உரிமமும் உண்மையில் எதைப் பார்க்கின்றன? எதைப் பார்க்காமல் விடுகின்றன?

இதைக் கேட்பதற்கு மேற்கு மாம்பலம் பொருத்தமான இடம். ரயில் பாதைக்குக் கிழக்கே தியாகராய நகர், 1920ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தின் கீழ் திட்டமிட்டு உருவான பகுதி. மாம்பலம் பெரிய ஏரியைத் தூர்த்து, பனகல் பூங்காவை நடுவில் வைத்து, சாலைகளை அளந்து போட்டார்கள். பாதைக்கு மேற்கே திட்டம் எட்டிப் பார்க்கவில்லை. அங்கே ஊர் தானாக வளர்ந்தது: குறுகலான தெருக்கள், சின்ன மனைகள், மெஸ், மாவு மில், அப்பளம், ஊறுகாய், சமையல் கான்ட்ராக்ட், வீட்டு முன்னறையில் தையல் மெஷின். ஏரி போய்விட்டது; 'லேக் வியூ ரோடு' என்ற பெயர் மட்டும் மேற்கு மாம்பலத்தில் மிஞ்சியிருக்கிறது. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்தபோது, ஏரியைத் தூர்க்க யார் யாரிடம் பெர்மிட் வாங்கினார்கள் என்று கேட்க ஆளில்லை. ஏரியை மூடியதும் அரசுதான், அனுமதி கொடுக்கிறதும் அரசுதான். தனக்குத்தானே ஒருவர் அனுமதி கொடுத்துக்கொள்ளும்போது மீறல் என்ற ஒன்றே கிடையாது.

2

தொழில் உரிமத்தின் வரலாற்றிலிருந்து தொடங்கலாம். 1919ஆம் ஆண்டுச் சென்னை மாநகராட்சிச் சட்டம், உரிமம் இல்லாமல் ஓர் இடத்தில் செய்யக்கூடாத தொழில்களை நீண்ட அட்டவணையாகவே தந்தது. 2023 ஏப்ரலில் 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் விதிகளோடு நடைமுறைக்கு வரும்வரை அந்தக் காலனியச் சட்டம்தான் நகரத்தை ஆண்டது. தமிழ்நாட்டு நகராட்சிகளில் இவ்வகை உரிமத்துக்கு நெடுங்காலம் வழங்கிய பெயர் 'டி அண்டு ஓ லைசென்ஸ்'. அபாயகரமான, அருவருப்பான தொழில்கள் என்று பொருள்.

இந்த இரண்டு சொற்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அபாயம் என்பதை ஓரளவுக்கு அளக்க முடியும். மண்ணெண்ணெய் தீப்பிடிக்கும், கொதிகலன் வெடிக்கும். அருவருப்பு என்பதை எந்தக் கருவியால் அளப்பது? யாருடைய மூக்கு இங்கே அளவுகோல்? தோல், கருவாடு, எலும்பு இவையெல்லாம் வெடிகுண்டல்ல. வெள்ளைக்கார சுகாதார அதிகாரியின் மூக்கும் உள்ளூர் உயர்சாதியாரின் மூக்கும் ஒரே வாசனைக்கு ஒரே மாதிரிச் சுளித்த இடத்தில்தான் இந்தச் சொல் பிறந்தது. 'அபாய'த்தோடு 'அருவருப்பை' ஒரே உம்மையில் கோத்துவிட்டால், தீட்டு சுகாதாரமாக வேஷம் கட்டிக்கொள்கிறது. அட்டவணை நீள நீள, பிழைப்பு என்பதே முன்கூட்டிச் சந்தேகத்துக்குரியதாகிறது.

ஃபூக்கோ 1978இல் ஆற்றிய உரைகளில் நவீன அதிகாரம் மக்கள்தொகையைத் தன் பொருளாக எடுத்துக்கொள்வதைப் பேசினார். தண்டிப்பதைவிடப் பதிவுசெய்தல், கணக்கெடுத்தல், ஆபத்தை நிர்வகித்தல் ஆகியவை வழியாகவே அது இயங்குகிறது என்றார். நம் ஊருக்கு இதில் ஒரு திருத்தம் வேண்டும். இங்கே அதிகாரம் பார்ப்பதால் மட்டும் ஆள்வதில்லை, பார்க்காததுபோல் இருப்பதாலும் ஆள்கிறது. மெஸ் நடத்துகிறவரிடம், 'உங்க கிட்ட எல்லாம் சரியா இருக்கா?' என்று கேட்டுவிட்டுப் போகிற இன்ஸ்பெக்டருக்கு அது சரியாக இல்லை என்பது தெரியும். சரியாக இல்லாமலிருப்பதே அவருக்கு வசதி. முழுதாகச் சட்டபூர்வமானவரிடம் எதையும் கேட்க முடியாது. பாதி மீறியவர் எப்போதும் கைக்கு அடக்கம். பார்த்தா சட்டர்ஜி 2004இல் எழுதிய நூலில் 'அரசியல் சமூகம்' என்று குறித்ததும் இதை ஒட்டியதுதான்: இந்நாட்டின் பெரும்பான்மையினர் உரிமைகளைக் கொண்ட குடிமக்களாக அல்ல, சகித்துக்கொள்ளப்படும் மீறல்களோடு வாழ்கிற மக்கள்தொகையாகவே அரசோடு உறவுகொள்கிறார்கள். சகிப்பு எந்த நிமிஷமும் திரும்பப் பெறப்படலாம்.

3

'அப்படியானால் கட்டட விதிகளே வேண்டாமா?' என்று கேட்பார்கள். ரயில்வே லைனைத் தாண்டி ரங்கநாதன் தெருவுக்குப் போவோம்.

2008 செப்டம்பர் 1ஆம் தேதி அத்தெருவின் பெரிய கடை ஒன்றில் தீப்பிடித்தது. இரண்டு ஊழியர்கள் செத்துப்போனார்கள். 2017 மே 31இல் உஸ்மான் சாலை சென்னை சில்க்ஸ் கட்டடம் ஒரு நாளுக்கும் மேலாக எரிந்து, ஒரு பகுதி சரிந்து, கடைசியில் முழுவதும் இடிக்கப்பட்டது. அனுமதித்ததற்கு மேல் தளங்கள் கட்டப்பட்டிருந்தது பற்றி அப்போது அரசுத் தரப்பிலேயே பேசினார்கள். ஆகவே விதி இருந்தது, மீறலும் தெரிந்திருந்தது. தெரிந்த மீறலை அரசு என்ன செய்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998இல் 113-அ என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். 1999 பிப்ரவரி 28க்கு முன் கட்டிய விதிமீறல் கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தலாம். 2000இல் உச்சநீதிமன்றம் இதை ஒருமுறை நடவடிக்கை என்ற அளவில் ஏற்றது. 'ஒருமுறை' என்பதற்கு அரசின் அகராதியில் பொருள் வேறு. கெடு 2000, 2001, 2002 என்று நகர்ந்துகொண்டே போனது. 2006 ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளைச் செல்லாது என்றது. 2007இல் அந்தக் கட்டடங்களை நடவடிக்கையிலிருந்து காப்பாற்ற அவசரச் சட்டம் வந்தது. 2012இல் 113-சி வந்தது. 2007 ஜூலை 1க்கு முந்தைய கட்டடங்களுக்கு அதன்படி விலக்கு அளிக்கும் வழிமுறைகள் வெளியானது 2017 ஜூனில். உஸ்மான் சாலையில் புகை அடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

இந்த வரிசையைப் படித்தால் விளங்குவது இதுதான்: மீறல் என்பது விதியின் தோல்வியல்ல, விதியின் வருவாய். பக்கவாட்டு இடைவெளி விடாததற்கு ஒரு தொகை, கூடுதல் தளத்துக்கு ஒரு தொகை. தீயணைப்பு வண்டி உள்ளே வர வேண்டும் என்பதற்காக விடச் சொன்ன இடைவெளி அது. பணம் கட்டிவிட்டால் வண்டி எப்படி வரும்? ரசீதின் மேல் ஏறியா வரும்?

2011 அக்டோபர் இறுதியில் நீதிமன்ற உத்தரவுகளின் அழுத்தத்தில் சி.எம்.டி.ஏ. தி.நகரில் இருபதுக்கும் மேற்பட்ட கடைகளுக்குச் சீல் வைத்தது. தீபாவளி வியாபாரம் முடிந்திருந்தது. 2012 ஜனவரியில், பொங்கலுக்கு முன்பாக, உச்சநீதிமன்றம் தற்காலிகமாகத் திறக்க அனுமதித்தது. அபாயம் என்று மூடிய கட்டடம், ஜனங்கள் மிக அதிகமாக நெருக்கியடிக்கும் பண்டிகை நாட்களில் மட்டும் அபாயமில்லாததாக ஆகிவிடுமா? கட்டடம் மாறவில்லை. பஞ்சாங்கம்தான் மாறியது.

4

மீறிய கட்டடங்களை விடுங்கள். அனுமதி பெற்ற கட்டடத்துக்கு வருவோம். 2014 ஜூன் 28 மாலை மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்தும் வந்த கட்டடத் தொழிலாளர்கள் அவர்கள். அந்தக் கட்டடத்துக்குத் திட்ட அனுமதி இருந்தது. விபத்துக்குப் பின் அதிகாரத் தரப்பு சொன்ன பதில் நம் விவாதத்தின் மையம்: திட்ட அனுமதி என்பது தளப்பரப்பு, உயரம், இடைவெளி, சாலை அகலம் ஆகியவற்றைப் பார்ப்பது, கட்டமைப்பின் உறுதிக்குப் பொறுப்பு கட்டுகிறவரும் அவருடைய பொறியாளரும்.

அப்படியென்றால் மண் தாங்குமா, தூண் நிற்குமா என்ற கேள்வியை அந்தக் கோப்பில் யாருமே கேட்கவில்லை. கோப்பு கேட்டதெல்லாம் சதுர அடி. சதுர அடியைக் கட்டணமாக மாற்றலாம், மீறலாக மாற்றலாம், பின்னால் வரன்முறையாகவும் மாற்றலாம். தூணின் பலத்தை அப்படி மாற்ற முடியாது. அது இருக்கும், அல்லது இருக்காது. பேரம் பேச முடிந்தவற்றை மட்டும் பார்க்கவும், பேரத்துக்கு அடங்காததைப் பிறர் பொறுப்பு என்று தள்ளவும் பழகியிருக்கிறது நம் அனுமதி முறை.

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்றிதழ்த் திட்டத்தைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், தரைத்தளமும் முதல் தளமுமாக 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டினால் இணையத்தில் விண்ணப்பித்து, கட்டணத்தைக் கட்டி, உடனே அனுமதி பெறலாம். முன்கூட்டி ஆய்வு இல்லை. மேற்கு மாம்பலத்துச் சின்ன மனைக்காரர்கள் இதைக் கொண்டாடுவதில் நியாயம் உண்டு. ஆபத்து குறைந்த கட்டடத்துக்கு அலைக்கழிப்பு குறைவாக இருப்பது நல்லதுதான். ஆனால் அது நம் கையில் ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறது. ஓர் அறிவிப்பில் கைவிட முடிந்த அந்த ஆய்வு, இத்தனை வருஷமாக எதைப் பாதுகாத்துக்கொண்டிருந்தது? ஆய்வு போய்விட்டது, கட்டணம் போகவில்லை.

5

இங்கேதான் தாராளவாதத்தின் வலை விரிகிறது. 'லைசென்ஸ்-பெர்மிட் ராஜ்' என்ற சொல்லை நாட்டுக்குக் கொடுத்தவர் ராஜாஜி. 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய அவர் வாழ்ந்ததும் இதே தி.நகரில், பஸ்லுல்லா சாலையில்தான். லிமா நகரில் ஒரு சின்னத் தையலகத்தைச் சட்டப்படி பதிவுசெய்ய 289 நாட்கள் பிடித்தன என்று ஹெர்னாண்டோ டி சோட்டோ பின்னாளில் காட்டினார். இவர்கள் சொன்ன லஞ்சமும் தாமதமும் பொய்யல்ல. ஆனால் அரசை விலக்கினால் சந்தை பாதுகாக்கும் என்பது பொய். 1911இல் நியூயார்க் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் 146 பேர் எரிந்து செத்ததற்கு லைசென்ஸ் ராஜ் காரணமல்ல. பூட்டிய கதவு காரணம். 2013 ஏப்ரலில் டாக்கா அருகே ராணா பிளாசாவில் 1,100க்கும் மேற்பட்டோர் புதைந்தார்கள். சுவரில் விரிசல் கண்டது முதல் நாளே. மறுநாள் காலை உள்ளே போகமாட்டோம் என்று தயங்கியவர்களை உள்ளே அனுப்பினார்கள்.

இந்த இரண்டாவது விஷயத்தை நாம் விடக்கூடாது. அபாயத்தை முதலில் பார்த்தவர்கள் அதிகாரிகளல்ல, அங்கே வேலை செய்தவர்கள். பார்த்தார்கள், சொன்னார்கள், ஆனால் 'நிறுத்து' என்று சொல்லும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. ரங்கநாதன் தெருவிலும் இதே கதைதான். எந்த மாடிப்படியில் துணி மூட்டை அடுக்கியிருக்கிறது, எந்த வழி பூட்டிக் கிடக்கிறது என்பது விற்பனைப் பெண்ணுக்குத் தெரியும். அவரிடம் எந்த விண்ணப்பப் படிவமும் கருத்துக் கேட்டதில்லை.

வேறுவிதமான சட்டத்துக்கும் உதாரணம் நம்மிடமே இருக்கிறது. கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. வேலை செய்கிற உடம்பை மையமாக வைத்த விதி அது. 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம் இன்னொரு படி மேலே போகிறது. விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்கிறது. உரிமம் வாங்குகிறவர்களே உரிமம் கொடுக்கும் இடத்தில் உட்காருவது இந்நாட்டுச் சட்டத்தில் அபூர்வமான காட்சி. நடைமுறையில் அதை எவ்வளவு நீர்க்கச் செய்கிறார்கள் என்பது தனிச் சண்டை. கொள்கையளவில் அது ஒரு கதவைத் திறந்திருக்கிறது.

ஏன் அந்தக் கதவு கூடை வைத்து விற்கிறவர்களோடு நின்றுவிட வேண்டும்? எட்டு மாடிக் கடையில் வேலை செய்பவர்களும், அடுக்ககத்தில் குடியிருப்பவர்களும், மௌலிவாக்கத்தில் கம்பி கட்டியவர்களும் தங்கள் கட்டடத்தின் தீ வழியை, தூணை, மின்கம்பியைப் பரிசோதிக்கச் சொல்லவும், முடிவைத் தெருவில் ஒட்டச் சொல்லவும், அபாயம் என்றால் வேலையை நிறுத்திச் சம்பளத்தை இழக்காமல் வெளியே வரவும் உரிமை வேண்டும். கட்டணம் வசூலிக்கும் கையும் பாதுகாப்பைப் பரிசோதிக்கும் கையும் ஒரே கையாக இருக்கக்கூடாது. உயிர் சம்பந்தப்பட்ட எந்த மீறலுக்கும் வரன்முறை என்ற பெயரில் விலை வைக்கக்கூடாது. மெஸ், மாவு மில், தையல் மெஷின் ஆகியவற்றுக்கு அனுமதி என்பதே வேண்டாம். 'நான் இங்கே தொழில் நடத்துகிறேன்' என்ற அறிவிப்பு போதும். ஆய்வு பிறகு வரட்டும், காரணத்தோடு வரட்டும், எழுத்தில் வரட்டும்.

'பாதுகாப்பா, கட்டுப்பாடா?' என்ற இருமைக்குள் நம்மை நிறுத்துவது அதிகாரத்துக்கு வசதி. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் முடிவெடுப்பவர் கட்டடத்துக்கு வெளியில்தான் இருப்பார்: ஒன்று அலுவலகத்தில், இல்லையென்றால் கல்லாவில். ஆகவே இனி ஒவ்வொரு விதியிடமும், ஒவ்வொரு விலக்கிடமும் ஒன்றையே கேட்போம். ராத்திரி தீப்பிடித்தால் உள்ளே இருக்கப்போகிறவர் யார்? இந்தக் காகிதத்தில் அவருடைய கையெழுத்துக்கு எங்கே இடம் விட்டிருக்கிறீர்கள்?