வில்லன் இல்லாத கொடுங்கனவு

தொழில்நுட்பத்தின் துணையோடு மனிதனை ஆட்டிப்படைக்கும் அரசை எழுதிய தமிழ் நாவல் எது என்றால், பெரும்பாலான வாசகர்கள் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வைச் சொல்வார்கள். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை, 2020களின் தொடக்கத்தில் நடக்கிறது. நாமும் அந்த ஆண்டுகளைக் கடந்துவிட்டோம். எது பலித்தது, எது தப்பியது என்று இனி கணக்குப் பார்க்கலாம்.

பலித்தது நிறைய. அந்த உலகில் பெயர்கள் சுருங்கிவிடுகின்றன, எண்தான் ஆளை அடையாளம் காட்டுகிறது. பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். காணாமல்போன கணவனைத் தேடும் நிலாவுக்கு ஜீனோ என்ற இயந்திர நாய் துணை. நாடே வணங்கும் தலைவர் ஜீவா வெறும் பிம்பம் என்பது பிறகு தெரியவருகிறது. ஆட்சியை ஒரு பிம்பமாகக் கண்டதுதான் நாவலின் பெரிய பலம். சுஜாதா 2008இல் மறைந்தார். மறு ஆண்டு ஆதார் ஆணையம் அமைந்தது. 2010இல் முதல் 12 இலக்க எண் வழங்கப்பட்டது.

தப்பியது எது என்று பார்க்க, நாவலின் நகரத்தை விட்டு வெளியே வரவேண்டும். புதுச்சேரிக்குப் பக்கத்து இரும்பையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். வெயிலில், உப்புத் தண்ணீரில் நின்று உப்பு வாரும் கைகள் காய்த்து, வெடித்து, ரேகை தேய்ந்து போகின்றன. தமிழகத்து ரேஷன் கடைகளுக்கு 2020இல் கைரேகைக் கருவி வந்தது. “ரேகை விழல, கையைத் துடைச்சிட்டு வைங்க” என்பது வரிசையில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு. ஈரத்துணியில் துடைப்பார்கள், வேறு விரலை வைப்பார்கள், கடைசியில் வீட்டிலிருந்து இன்னொருவரை அழைத்து வருவார்கள்.

அரசு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் இந்த வகைக் கதைகளின் நிரந்தர அச்சம். ஆர்வெல்லின் ‘1984’ தொட்டு அதே பாட்டுதான். உப்பளத்துக்காரரின் அச்சமோ கருவி தன்னைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுமோ என்பது. கண்காணிப்பின் கொடுமையை எழுதிய அளவுக்கு, அடையாளம் மறுக்கப்படுவதன் கொடுமையைத் தமிழ் அறிவியல் புனைகதை எழுதவில்லை. உழைக்கும் கை அதன் கண்ணில் படவே இல்லை.

இரண்டாவது குறை, கம்பெனி. கனடாவில் வில்லியம் கிப்சன் 1984இலேயே ‘நியூரோமான்சர்’ நாவலில் பெருநிறுவனங்கள் ஆளும் உலகை எழுதிவிட்டார். நம் கதைகளில் பயம் இன்னும் கோட்டையிலிருந்தே வருகிறது. நடந்ததோ வேறு. 2017இல் சிம் கார்டைச் சரிபார்க்க விரல் வைத்த லட்சக்கணக்கானோருக்கு, அவர்களுக்கே தெரியாமல் ஏர்டெல் பேமென்ட்ஸ் வங்கியில் கணக்கு தொடங்கப்பட்டது. சமையல் எரிவாயு மானியம் அந்தக் கணக்கில் போய் விழுந்தது. ஆதார் ஆணையம் அந்நிறுவனத்தின் ஆதார்வழிச் சரிபார்ப்பை நிறுத்தி வைத்தது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஆதார் சட்டத்தின் 57ஆம் பிரிவு தனியாருக்குத் தந்த இடத்தை ரத்து செய்தது. மறு ஆண்டே திருத்தச் சட்டம் விருப்பத்தின் பேரில் என்று வாசலைத் திறந்துவிட்டது.

ஆதாரைப் பூதமாகவே காட்டுவதும் நேர்மையாகாது. எந்தக் காகிதமும் இல்லாதவருக்கு அது முதல் அடையாளச் சீட்டு. பிழைப்புக்காக வெளிமாநிலம் போனவர் அங்கேயே ரேஷன் வாங்க வழி செய்தது. போலி அட்டைக்காரருக்கு இடைஞ்சல் தந்தது. ரேகை விழாவிட்டால் கருவிழிப் பதிவு என்ற மாற்று வழியும் வந்திருக்கிறது. நன்மையும் தீங்கும் ஒரே கருவியில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் சிக்கல். நல்லவன், கெட்டவன் என்று ஆளைப் பிரித்தே பழகிய கதைக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை.

சுஜாதாவும் இங்கேதான் சறுக்குகிறார். பிம்பத்துக்குப் பின்னால் ரவி, மனோ என்று இரண்டு முகங்களை நிறுத்தினார். புத்திசாலி நாய் ஒன்று போதும், அவர்களை மடக்கிவிடலாம். ‘இரும்புத்திரை’ (2018) திரைப்படம் கடனையும் தகவல் திருட்டையும் துணிந்து தொட்டது. ஆனால் பழியெல்லாம் அர்ஜுன் நடித்த ஒரே வில்லன் தலையில் விழுந்ததும் பார்வையாளர் நிம்மதியாக வீடு திரும்பினார்.

நிஜத்தில் கடைக்காரர் கருவியைக் காட்டுகிறார், கருவி சர்வரைக் காட்டுகிறது, அலுவலகம் இ-சேவை மையத்துக்கு அனுப்புகிறது. எவரும் கொடியவர் இல்லை, எவரும் பொறுப்பாளியும் இல்லை. மடக்க ஆளில்லாத இந்த அமைப்பில் சண்டைக் காட்சிக்கு இடமில்லை. அதனால்தான் நம் எழுத்தாளர்களுக்கு அது கதையாகத் தெரியவில்லை போலும். அடுத்த ‘இயந்திரா’வை எழுத நினைப்பவர் ஜீனோவைவிட நல்ல ரோபோவைத் தேடிக் களைக்க வேண்டாம். யாரிடம் முறையிடுவது என்ற கேள்விக்குப் பதிலே இல்லாத ஓர் உலகை, முறையிட வந்தவரின் பக்கம் நின்று எழுதினால் போதும்.