புரண்டு படுப்பவருக்கு ஆகாத போர்வை

எடை எத்தனை கிராம், உள்ளே அடைத்த தூவி எத்தகையது, மேல்துணி எவ்வளவு நயமானது என்பனவெல்லாம் பையின்மீதே அச்சிடப்பட்டிருப்பதாலும், அவற்றோடு எனக்கு யாதொரு வழக்கும் இல்லாமையாலும், அந்த விவரங்களை இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. கூடாரவாசிகளுக்கான இந்த இலேசான இறகுப் போர்வை, மல்லாந்து படுத்து விடியும்வரை அசையாமல் கிடப்பவருக்குப் பரம சுகம்; என்னைப்போல் புரண்டு புரண்டு உறங்கும் சுபாவமுடையவருக்கோ ஓயாத உபத்திரவம்.

ஸ்லீப்பிங் பேக்கில் உடம்புக்கு அடியில் அகப்பட்ட தூவி, நம் பாரத்தால் நசுங்கி, காற்றைப் பிடித்து வைக்கும் சக்தியை இழந்து வெறும் சுமையாகிவிடுவதால், அடிப்பாகத்தையே நீக்கிவிட்டு மேற்பாகத்தை மட்டும் போர்த்திக்கொண்டால் போதாதா என்று 1990களில் ரே ஜார்டின் என்னும் அமெரிக்க நடைப்பயணி பிரசாரம் செய்தார். யுக்தியில் குற்றமில்லை. தரைக்குளிரைத் தடுக்கும் பொறுப்பு முழுவதும் விரிப்பின்மேல் விழுகிறது, அவ்வளவுதான். மெல்லிய ஃபோம் விரிப்பில் படுத்தபோது முதுகில் ஏறிய சில்லிப்பு, வெப்பத்தடுப்பு வைத்த ஊதுமெத்தைக்கு மாறியதும் நின்றுவிட்டது.

நிற்காதது பக்கவாட்டுக் காற்று. உதகைக்கு அருகே, மேகமற்ற இரவுகளில் கனத்த குளிர்காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்கி, விடியுமுன் புல்லெல்லாம் உறைபனியால் வெளுத்துப்போகும் தலைக்குந்தாவில், நண்பரொருவரின் காய்கறித் தோட்டத்தில் மார்கழியும் தையுமாகக் கூடாரம் அடித்து இதைப் பரீட்சித்தேன். ஸ்லீப்பிங் பேக் நம்மோடு சேர்ந்து புரளும், போர்வை புரளாது. ஒருக்களித்த மாத்திரத்தில் தோள் உயர்ந்து, விளிம்பு மேலெழும்பி, அந்த நாலு விரற்கடைச் சந்தில் புகும் காற்று, அதுவரை சேர்ந்திருந்த கதகதப்பையெல்லாம் துடைத்துக்கொண்டு போய்விடும். இதைத் தடுக்கவென்று மெத்தையின் அடியில் சுற்றிக் கட்டும் இரண்டு எலாஸ்டிக் நாடாக்களைக் கொடுத்திருக்கிறார்கள். அவற்றின் கொக்கிகளோ, அரிசிமணி அளவினவாய், விறைத்த விரல்களுக்கு இருட்டில் அகப்படாதனவாய், அகப்பட்டாலும் அடுத்த புரளலில் கழன்றுகொள்வனவாய் அமைந்திருக்கின்றன.

இன்னொரு ஆட்சேபம், பையின்மேல் கம்பீரமாக அச்சிட்டிருக்கும் ‘0 டிகிரி’ என்பதைப் பற்றியது. 2016இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 23537 என்னும் சர்வதேச நியமம் ஸ்லீப்பிங் பேக்குகளுக்காக எழுதப்பட்டது. சூடேற்றிய பொம்மையை உள்ளே கிடத்தி அளந்து, சுகமாக உறங்கத்தக்க உஷ்ணநிலை ஒன்றையும், சுருண்டு படுத்த ஆடவன் ஒருவன் சமாளிக்கத்தக்க எல்லை ஒன்றையும் அது தனித்தனியே கணக்கிடுகிறது. இந்தப் போர்வையில் அச்சிட்ட இலக்கம் எந்த முறைப்படி கணித்தது, சுகமா எல்லையா என்று ஒரு சொல்லும் இல்லை. கம்பளிச் சட்டையும் குல்லாயும் அணிந்தும், ஐந்தாறு டிகிரிக்குக் கீழே நான் நிம்மதியாக உறங்கவில்லை.

இந்த நிறுவனத்தின் முதுகுப்பையை நெடுங்காலமாகச் சுமந்து வருபவன் என்ற அபிமானத்தால் நல்லதையும் சொல்லிவிடுகிறேன்: பைபோல் தைத்த கால்மாட்டுப் பகுதிக்குள் பாதங்கள் எந்த இரவிலும் சில்லிட்டதில்லை. மல்லாந்து உறங்குபவர்கள் தாராளமாக வாங்கலாம். ஒருக்களித்துப் படுப்பவர்கள் ஓர் அளவு அகலமானதாகப் பார்த்து வாங்குங்கள். உறைபனி இரவுகளுக்கென்றால், எடை கூடினாலும் ஸ்லீப்பிங் பேக்கையே எடுத்துச் செல்லுங்கள்.